ஒன்றரைத் தொன் எங்கை போகப்போகுது?

கன நாளாக எழுத நினைத்து, இதையெல்லாம் ஆர் வாசிக்கப்போகினம் என்று தள்ளிப்போட்டு வந்த விசயம் இது. அரசியல் இல்லை, இலக்கியம் இல்லை, ஊர்க்கதையும் கொஞ்சம்தான். ஒரு காரை அன்ஹெங்கரில் ஏற்றினால் அதை எப்படிக் கட்டுவது என்பது பற்றி எழுதப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள். சனிக்கிழமைகளில் எஸ்ஸன் பக்கமிருந்து ஏ 2 வழியாக ஹம், பீலஃபெல்ட் பக்கம் ஓடுகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். முன்னுக்கு ஒரு வான், பின்னால் அன்ஹெங்கர், அதன்மேல் இலக்கத்தகடு இல்லாத ஒரு கார். காருக்குக் குறுக்காக ஒரு கயிறு. சிலவேளை அது உடுப்புக் காயப்போடுகிற கயிறு.

எங்கட ஆக்களுக்கும் காருக்கும் இருக்கிற உறவு இங்கே கொஞ்சம் வித்தியாசமானது. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லின் ஷூனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிறீட்றிக்ஸ்ட்றாஸ நிலையத்தால் மேற்குக்குள் வந்த தலைமுறை நாங்கள். அகதி விண்ணப்பம் கொடுத்தபிறகு, எந்த மாவட்டத்தில் பதிந்தார்களோ அந்த எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கிற மச்சானைப் பார்க்கப் போனாலும், பொலிஸ் மறித்தால் தண்டம். அந்தக் காலத்தைக் கடந்து, விசா கிடைத்து, லைசென்ஸ் எடுத்து, முதல் பழைய கோல்ஃப் காரை வாங்கினபோது அது வெறும் வாகனமாக இருக்கவில்லை. நினைத்த நேரம் டோட்முண்டுக்கும் பாரிசுக்கும் போகலாம் என்பதே ஒரு விடுதலை மாதிரித்தான் இருந்தது.

அதனால் கார் வாங்குவதும் விற்பதும் எங்களுக்குள் ஒரு சமூக வேலையாகவே ஆகிவிட்டது. எஸ்ஸன் ஆட்டோகினோ சந்தைக்கு ஒருவர் கார் பார்க்கப் போனால் கூட நாலு பேர் போவார்கள். ஒருவருக்கு எஞ்சின் தெரியும், ஒருவருக்கு விலை பேசத் தெரியும், ஒருவருக்குத் துருக்கிக்காரரோடு கதைக்கத் தெரியும், நாலாவது ஆள் தேத்தண்ணி குடிக்க. கார் ஓடாத நிலையில் இருந்தால், அல்லது டியூவ் முடிந்திருந்தால், யாரிடமாவது அன்ஹெங்கர் இருக்கும். "அண்ணை, ஒருக்கா இழுத்துத் தாங்கோ." மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. கோயில் திருவிழாவில் நாளைக்கு முகம் பார்க்க வேண்டுமே.

இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்நிய நாட்டில் எங்களைத் தூக்கி நிறுத்தியதே இதுதான். நான் சொல்ல வருவது அந்தக் கயிற்றைப் பற்றி.

கட்டுவது போதாது என்று சொன்னால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒன்றரைத் தொன் பாரம், அது எங்கை போகப்போகுது?" இதை எனக்குச் சொன்னவர்களில் ஊரிலே லொறி ஓடினவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றிப்போன லொறிகளில் கயிறு கட்டினவர்களின் கைவேலையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முடிச்சு அவிழாது, ஒரு மூட்டை அசையாது. ஆனால் அந்த அறிவு மூட்டைக்கான அறிவு. மூட்டைக்கு மேலால் கயிறு போட்டு இறுக்கினால் மூட்டை அமுங்கும், தட்டோடு ஒட்டும், உராய்வு கூடும், அதனால் நிற்கும். கார் அப்படியான சாமான் இல்லை. காருக்குக் கீழே நாலு சில்லு, சில்லுக்கு மேலே நாலு ஸ்பிறிங். கயிற்றை மேலால் போட்டு இறுக்கினால் நீங்கள் ஸ்பிறிங்கைத்தான் அமுக்குகிறீர்கள். பாதையில் ஒரு குழி வந்ததும் கார் இன்னும் கொஞ்சம் அமுங்கும், அந்தக் கணத்தில் கயிறு தளரும், பிறகு கார் எழும்பும்போது கயிற்றை வெட்டி இழுக்கும். எழுபது கிலோமீற்றர் ஓட்டத்தில் இது எத்தனை ஆயிரம் தரம் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாரம் காரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதும் பாதி உண்மைதான். நிற்கும்போது பிடித்து வைத்திருக்கும். 80 இல் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒருவன் சடாரென்று நிறுத்தினால், வான் நிற்கும், அன்ஹெங்கர் நிற்கும், அந்த ஒன்றரைத் தொன் தொடர்ந்து போகத்தான் பார்க்கும். ஜேர்மன் பொறியியலாளர் சங்கத்தின் வி.டி.ஐ 2700 என்ற விதித்தொகுப்பில் பாரத்தைக் கட்டுவதற்கான கணக்கு இருக்கிறது. காரைக் காவும் வாகனங்களுக்கென்றே அதில் 8.1 என்று தனிப் பகுதி உண்டு. அடிப்படைக் கணக்கு இதுதான்: முன்பக்கமாகப் பாரத்தின் 0.8 பங்கையும், இரண்டு பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கையும் தாங்கவேண்டும். 1500 கிலோ கார் என்றால் முன்னுக்கு 1200 கிலோ அளவான இழுவை, பக்கத்துக்கு 750 கிலோ. இதை எதிர்த்து நிற்க உங்களிடம் இருப்பது என்ன? ஹான்ட்பிறேக். அது பெரும்பாலான கார்களில் பின் சில்லு இரண்டைத்தான் பிடிக்கும். கியரில் போட்டால் எஞ்சின் சேர்ந்திருக்கிற சில்லுகளையும் பிடிக்கும். இரண்டையும் கட்டாயம் போடத்தான் வேண்டும். ஆனால் மழையில் நனைந்த தகரத்தட்டில் நாலு சில்லும் பூட்டியபடியே வழுக்கிக்கொண்டு போகும். சில்லு உருளாது, கார் போகும்.

நான் முதல் வேலை செய்த இடம் பழுதான கார்களை ஏற்றி இறக்குகிற ஒரு முற்றம். அங்கிருந்த மைஸ்டர் ஒரு கிழவர். எங்களோடு அதிகம் கதைக்க மாட்டார். நான் ஏற்றின முதல் காரை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கையால் தள்ளி ஆட்டினார். கார் ஸ்பிறிங்கில் ஆடியது. பிறகு என்னை நிலத்தில் குந்தச் சொல்லி, சில்லைக் காட்டினார். சில்லு அசையவில்லை. "கார் ஆடட்டும், சில்லு ஆடக்கூடாது" என்பதுதான் அவருடைய முழுப் பாடமும். சில்லோடு சேர்த்துத் தட்டில் கட்டினால், மேலே உடம்பு ஸ்பிறிங்கில் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும், பட்டி தளராது.

அதற்கென்றே பட்டி விற்கிறார்கள். மூன்று கொழுக்கி உள்ள, ரயருக்கு மேலால் சுற்றிப் போடுகிற பட்டி. ரயரில் இருந்து வழுக்காமல் றப்பர் துண்டுகள் கோர்த்திருக்கும். சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் தட்டில் இருக்கிற துளைகளில் கொழுக்கியை மாட்டி, பிடியால் இறுக்கவேண்டும். நாலு சில்லுக்கும் நாலு பட்டி. முன்னும் பின்னும் ஆப்பு. கொழுக்கி போகிற இடம் அதற்கென்று செய்த துளையாக அல்லது வளையமாக இருக்கவேண்டும், அன்ஹெங்கரின் விளிம்புத் தகரமாக இருக்கக்கூடாது. சிலர் கீழே புகுந்து அச்சு மாதிரித் தெரிகிற எதையாவது பிடித்துக் கட்டுகிறார்கள். இப்போதைய கார்களில் அது அலுமினியக் கையாக இருக்கும், பக்கத்திலே பிறேக் ஒயில் குழாய் ஓடும். காரைக் காப்பாற்றக் கட்டி, காரின் பிறேக்கை அறுத்தவர்களும் உண்டு.

பட்டியில் ஒரு லேபல் தைத்திருப்பார்கள். நீல நிறம் என்றால் பொலியெஸ்ரர். அதை வாசிக்கிற பழக்கம் எங்களில் ஆருக்கும் இல்லை. பருப்பு வாங்கினால் திகதி பார்க்கிற ஆக்கள், இதைப் பார்க்க மாட்டோம். எல்.சி என்று போட்டு 2500 டெக்காநியூட்டன் என்று இருந்தால், நேராக இழுத்துக் கட்டும்போது ஏறக்குறைய 2500 கிலோ பாரத்துக்குச் சமனான இழுவையை அது தாங்கும் என்று அர்த்தம். அதே லேபலில் 5000 என்றும் இருக்கும். அது ஒரு சாமானைச் சுற்றிக் கட்டினால் உள்ள கணக்கு. கடைக்காரன் பெரிதாக அச்சடிப்பது அந்த 5000 ஐத்தான். மலிவுக் கடைகளில் நாலு யூரோவுக்குக் கிடைக்கிற ஒடுங்கின பட்டியில் சில நூறுதான் இருக்கும். சைக்கிள் கட்ட அது போதும். லேபல் கிழிந்துபோன, ஓரம் வெட்டுப்பட்ட பட்டியைக் குப்பையில் போடவேண்டியதுதான். முடிச்சுப் போட்டு நீட்டின பட்டி இன்னும் மோசம், முடிச்சு விழுந்த இடத்திலே அதன் பலம் போய்விடும்.

கட்டி முடித்து ஓடத் தொடங்கி, நாலைந்து கிலோமீற்றரில் ஒருதரம் நிறுத்திப் பாருங்கள். பட்டி கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரண்டு நிமிச வேலை. இதைச் சொன்னால் "அண்ணை பயந்தவர்" என்று பெயர் வைக்கிறார்கள். வைக்கட்டும்.

அடுத்தது, காரை எங்கே நிறுத்துவது. இதை நான் கயிற்றை விடவும் பெரிய பிரச்சினையாக நினைக்கிறேன். எஞ்சின் முன்னால் இருக்கிற காரை முன்பக்கமாக ஏற்றினால் பாரம் அன்ஹெங்கரின் முன்பாதியில் விழும். கார் ஓடாததால், தள்ள வசதியாக இருக்கிறதென்று பின்பக்கமாக ஏற்றி விட்டால் எஞ்சின் வால்பக்கம் வந்துவிடும். அப்போது அன்ஹெங்கர் வானின் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும். வானின் பின்சில்லு இலேசாகும். 60 இல் ஒன்றும் தெரியாது. 90 இல் ஒரு பார லொறி பக்கத்தால் முந்திப் போகிற காற்றில் அன்ஹெங்கர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் ஒவ்வொரு நெளிவும் முந்தினதை விடப் பெரிது. வேகத்தைக் கூட்டி இழுத்தால் நேராகும் என்று எங்கட ஆக்களுக்குள் ஒரு கதை உலாவுகிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து, நெளிவுக்கு எதிராகத் திருப்பி விளையாடாமல், உறுதியாக பிறேக் பிடித்து வேகத்தைக் குறைக்கவேண்டும்.

கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்பது காரின் பத்திரத்தில் 13 ஆம் இலக்கக் கட்டத்தில் இருக்கிறது. 75 கிலோ, 100 கிலோ என்று காருக்குக் கார் மாறும். குறையக்கூடாத அளவும் உண்டு. இழுக்கிற பாரத்தின் 4 சதவீதம், ஆனால் 25 கிலோவுக்கு மேல் கட்டாயம் இல்லை. நான் அந்தக் குறைந்த அளவோடு நிற்பதில்லை, அனுமதித்த உச்சத்துக்குக் கிட்டவாகவே வைப்பேன். அளப்பதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை. குளியலறையில் நிற்கிற தராசை எடுத்து, ஒரு மரத்துண்டை அதன்மேல் நிறுத்தி, அன்ஹெங்கரின் மூக்கைக் கொக்கியின் உயரத்தில் அதிலே வைத்துப் பாருங்கள். கூடினால் காரை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைந்தால் முன்னுக்கு. வீட்டுக்காரி தராசு எங்கே என்று தேடுவா, அது வேறை பிரச்சினை.

இப்போது லைசென்ஸ் விசயம். எனக்கு உண்மையாகவே பயம் வருகிற இடம் இது. 1999 ஜனவரிக்கு முந்தி லைசென்ஸ் எடுத்த எங்கள் தலைமுறையிடம் பழைய 3 ஆம் வகுப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கார் ஏற்றின அன்ஹெங்கரைத் தாராளமாக இழுக்கலாம். பிள்ளைகளிடம் இருப்பது பி. அதிலே 750 கிலோவுக்கு மேற்பட்ட அன்ஹெங்கர் என்றால், வாகனமும் அன்ஹெங்கரும் சேர்ந்து 3500 கிலோவுக்குள் நிற்கவேண்டும். 2013 இல் வந்த பி 96 என்ற பயிற்சியைச் செய்தால் 4250 வரை. அதற்கு மேல் பி.ஈ தேவை. கணக்கில் எடுப்பது உண்மையான நிறையை இல்லை, பத்திரத்தில் அனுமதித்திருக்கிற உச்ச நிறையை. 2700 கிலோ அன்ஹெங்கர் வெறுமையாக இருந்தாலும் 2700 தான். சாதாரண கோல்ஃபோடு சேர்த்தாலே 4250 ஐத் தாண்டிவிடும். "தம்பி, கார் இறக்கியாச்சு, வெறும் அன்ஹெங்கரைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்று தகப்பன் திறப்பை நீட்டுகிறார். தகப்பன் தன் லைசென்சில் இருபத்தைந்து வருசமாகச் செய்கிற வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளை பொலிசிடம் பிடிபட்டால் அது தண்டம் கட்டிவிட்டு வருகிற குற்றம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓடினது என்ற கிரிமினல் வழக்கு, ஒரு வருசம் வரை சிறை அல்லது அபராதம். ஓட விட்ட வாகனச் சொந்தக்காரருக்கும் அதே சட்டம்.

ஒழுங்காகக் கட்டாததற்கான தண்டம் பார்த்தால் சிறிது. காருக்கு 35 யூரோ, ஆருக்கும் ஆபத்து வந்திருந்தால் 60. அதைப் பார்த்துத்தான் எங்கட ஆக்கள் இதைச் சின்ன விசயமாக எடுக்கிறார்கள் போல. வீதிச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு சொல்வது வேறு: முழு பிறேக் பிடித்தாலும், சடாரென்று விலத்தினாலும் பாரம் வழுக்கவோ, சரியவோ, உருளவோ, விழவோ கூடாது. அதாவது சாதாரணமாக ஓடி வீடு வந்து சேர்ந்தது ஒரு அத்தாட்சியே இல்லை. "இருவது வருசமா இப்பிடித்தான் கட்டிறன், ஒண்டும் நடக்கேல்லை" என்பது அந்த முழு பிறேக்கைப் பிடிக்க வேண்டி வராத இருபது வருசம், அவ்வளவுதான்.

பின்னால் வருகிறவன் செத்தால் கவலையீனத்தால் மரணம் விளைவித்தது என்று வழக்கு வரும். உச்சம் ஐந்து வருசம். எங்களுக்கு அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் 90 நாட் கணக்குக்கு மேற்பட்ட அபராதத் தீர்ப்பு ஒரு தடை. ஜேர்மன்காரனுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு தீர்ப்பு மட்டும். முப்பது வருசம் தொழிற்சாலையில் நின்று, பிள்ளைகளைப் படிப்பித்து, கடைசியாகக் கடவுச்சீட்டுக்குப் போகிற ஒருவருக்கு அது வேறு மாதிரிப் போய் இடிக்கும். இன்சூரன்சும் நினைக்கிற மாதிரி இல்லை. 2020 ஜூலையில் இருந்து, இழுக்கிற வாகனமும் அன்ஹெங்கரும் சேர்ந்து செய்த விபத்துக்குப் பொதுவாக இழுத்தவரின் இன்சூரன்ஸ்தான் பொறுப்பு. அன்ஹெங்கர் அண்ணையுடையது, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கமுடியாது. ஏற்றி வந்த கார் நொறுங்கினால் வாகனத்தின் கட்டாய இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது, அது உங்கள் பாரம்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தால் போச்சு என்று ஒருவர் கேட்டார். அதுவும் சரிவராது. இந்த நாட்டில் கயிற்றில் இழுப்பது பாதையில் பழுதாகி நின்ற வாகனத்தை உதவிக்கு அப்புறப்படுத்துவதற்கு மட்டும். சந்தையில் வாங்கின காரை அப்படி வீட்டுக்குக் கொண்டுவர விசேட அனுமதி வேண்டும்.

சுவிசுக்கும் ஹொலண்டுக்கும் அன்ஹெங்கரோடு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அன்ஹெங்கர் கழன்றால் அதன் பிறேக்கை இழுத்துப் பிடிக்கிற மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று இருக்கிறது. இங்கே பலர் அதைக் கொக்கிக் குண்டுக்கு மேலால் சும்மா கொழுவிவிட்டுப் போகிறார்கள். அந்த நாடுகளில் அதைத் தனி வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டம். குண்டே கழன்று போனால் குண்டில் கொழுவின கயிறு என்ன செய்யும் என்று யோசித்தால், அவர்கள் கேட்பது நியாயம்தான். 100 ஓடலாம் என்று ஸ்ரிக்கர் ஒட்டின அன்ஹெங்கரை இரவல் வாங்குகிறவர்கள் ரயரில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. ஆறு வருசம் தாண்டின ரயரோடு அந்த ஸ்ரிக்கருக்கு மதிப்பில்லை, 80 தான்.

இப்போது மின்சாரக் கார்கள் வேறு வந்துவிட்டன. பெரிதாகத் தெரியாது, ஆனால் பற்றரியோடு இரண்டு தொன்னைத் தாண்டுகிறவை பல. 700 கிலோ அன்ஹெங்கரில் ஏற்றினால் 2700 முடிந்துவிட்டது. கட்டுவதற்கு முதலே பிழை. ஏற்றுகிற முதல் இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என்னிடம் ஒரு அன்ஹெங்கர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அது தெரியும். கேட்டால் கொடுக்கிறேன், வாடகை வாங்குவதில்லை. ஆனால் நாலு சில்லுப் பட்டியும் ஆப்பும் அதோடு சேர்ந்துதான் போகும், லைசென்சைக் காட்டவேண்டும், நான் வந்து கட்டினதைப் பார்த்த பிறகுதான் வெளிக்கிடலாம். இதனால் இரண்டு பேர் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். ஒருவர், "வெள்ளைக்காரனாகிட்டார்" என்று கடையில் நின்று சொன்னாராம். உதவி கேட்டு வந்தவரிடம் பத்திரம் கேட்பது எங்கள் பழக்கத்துக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். அன்ஹெங்கர் வைத்திருக்கிற எங்கட ஆக்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கினால், ஒருவரிடம் மட்டும் கோபிக்க வேண்டிய தேவை ஆருக்கும் வராது.

போன கிழமை பெறாமகன் ஒருவன் கஸலில் இருந்து எடுத்தான். வாற சனி ஒரு பழைய வி.டபிள்யூ வான் எடுத்துவர வேணுமாம், அன்ஹெங்கர் தாங்கோ சித்தப்பா என்றான். அவனுடைய லைசென்ஸ் 2008 இல் எடுத்தது. இழுக்கப்போகிற காரின் பத்திரத்தில் ஓ 1 கட்டத்தையும் 13 ஐயும், லைசென்சின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் அனுப்பவில்லை. பி மட்டும்தான் என்றால் நானே ஓடுவேன், பெற்றோல் காசு அவன் தரட்டும்.